சிவந்தால் சரி, சிவக்காவிட்டால்? காரீயம் காட்டும் குச்சிகள்: ஒரு மதிப்பீடு

ஆன்லைனில் 'லெட் டெஸ்ட் ஸ்வாப்' என்று தேடினால் முப்பது, அறுபது என்று பாக்கெட் போட்டு விற்கும் மஞ்சள் முனைக் குச்சிகள் வந்து நிற்கின்றன. பார்க்கக் காது குடையும் பட்ஸ் போலத்தான் இருக்கும். வெள்ளை வினிகரில் நனைத்து, சந்தேகப்படும் இடத்தில் அரை நிமிடம் தேய்த்தால், காரீயம் இருந்தால் முனை சிவக்கும் என்கிறது பாக்கெட்டின் பின்பக்கம். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தையோ, ஆட்டிசம் என்று சொல்லப்பட்ட குழந்தையோ உள்ள வீடுகளில்தான் இதைப் பற்றி விசாரிக்கிறார்கள். 'ஈயத்தாலும் ஆட்டிசம் வருமாம்' என்று வாட்ஸாப்பில் ஒரு வரி வந்தால் போதும், கை தானாக ஆர்டர் போடப் போய்விடுகிறது.

வாங்கலாம், தப்பில்லை. ஆனால் காசு கொடுப்பது சிவப்புக்கு மட்டும்தான் என்பது தெளிவாக இருக்க வேண்டும். சிவந்த பொருளை எடுத்து ஒதுக்கிவிடலாம். சிவக்காத பொருளைப் பற்றிக் குச்சி வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். குச்சி, குழந்தையின் ரத்தப் பரிசோதனை இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், யோசிக்காமல் ரத்தப் பரிசோதனை.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். நம் பேச்சில் 'ஈயம்' மூன்று உலோகங்களுக்குப் பொதுப்பெயர். ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம், அதாவது டின். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் அதுதான், அதாவது அதுவாகத்தான் இருக்க வேண்டும். சில வீடுகளில் அலுமினியக் குண்டானையும் ஈயக் குண்டான் என்பார்கள். மூளையைக் கெடுப்பது காரீயம். பெட்ரோலில் இருந்தது, பேட்டரியில் இருப்பது, பழைய பெயின்டில் உறங்குவது எல்லாம் இதுவே. குச்சி தேடுவதும் இதை மட்டும்தான்.

மஞ்சள் முனையில் இருப்பது சோடியம் ரோடிசோனேட் என்ற சாயம். துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் துணியில் குண்டுத் துகள் படிந்திருக்கிறதா என்று தடயவியல்காரர்கள் பார்ப்பதும் இதே சாயத்தால்தான். புளிப்பான சூழலில் காரீயத்தோடு சேர்ந்தால் ரோஜா நிறத்திலிருந்து ரத்தச் சிவப்புவரை போகும். இதற்கு இரண்டு பலவீனங்கள். ஒன்று, கரைந்து வந்த காரீயத்தை மட்டுமே இது பார்க்கும். பளபளப்பான பூச்சுக்கு அடியில் கெட்டியாக உட்கார்ந்திருப்பது கண்ணில் படாது. இரண்டு, ஈரம் பட்டால் சாயம் சீக்கிரம் செத்துப்போகும். சென்னைப் புழுக்கத்தில் சமையலறை அலமாரியில் திறந்து போட்ட பாக்கெட்டை நம்பாதீர்கள். முனை பளிச்சென்ற மஞ்சளாக இல்லாமல் பழுப்படித்திருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்தால் தாங்கும்.

ஆகவே வாங்கியதும் முதல் வேலை, குச்சிக்கே பரீட்சை வைப்பது. அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை அங்கீகரித்திருந்த த்ரீ எம் நிறுவனத்தின் லெட்செக் குச்சியோடு, சரிபார்க்க ஒரு அட்டையும் வந்தது. அட்டையில் துளி காரீயம் இருந்தது. குச்சியை அதில் தொட்டால் சிவக்க வேண்டும் என்பது ஏற்பாடு. அந்தத் தயாரிப்பை 2023-இல் நிறுத்திவிட்டார்கள். இன்று அந்தப் பெயரில் யாராவது விற்றால் பழைய சரக்கு என்று கொள்க. இப்போது வரும் மலிவுக் குச்சிகள் பலவற்றில் அட்டை கிடையாது. அதற்கு மாற்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் இருக்கிறது: எலக்ட்ரானிக்ஸ் கடையில் 60/40 சால்டர் கம்பி, அதாவது பற்றவைக்கும் கம்பி என்று கேளுங்கள். அறுபது பங்கு வெள்ளீயம், நாற்பது பங்கு காரீயம். 'லெட் ஃப்ரீ' என்று எழுதியிருப்பது இந்த வேலைக்கு ஆகாது. விரல் நீளத் துண்டு போதும். வினிகர் தொட்ட குச்சியை அதில் தேய்த்தால் ஒரு நிமிடத்துக்குள் சிவக்க வேண்டும். இன்னொரு குச்சியைச் சுத்தமான எவர்சில்வர் டம்ளரில் தேய்த்தால் மஞ்சளாகவே இருக்க வேண்டும். இரண்டும் சரியாக வந்தால்தான் பாக்கெட்டின் மீதிக் குச்சிகளுக்கு மதிப்பு. பொருளில் தேய்த்துச் சிவக்காத குச்சியையும் வீசுமுன் ஒருமுறை சால்டரில் தொட்டுப் பாருங்கள். அங்கேயும் சிவக்கவில்லை என்றால் அது செத்த குச்சி, பரிசோதனையே நடக்கவில்லை. சால்டர் துண்டை மூடிய டப்பாவில், குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வைத்துவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

குச்சியை வினிகரில் ஊறப்போடக் கூடாது. சாயம் சொட்டாக ஓடி வீணாகும். ஒரு துளி போதும். தேய்த்த பிறகு முனையைப் பாருங்கள், பொருளின் மேற்பரப்பைப் பார்க்காதீர்கள். சிவப்புப் பெயின்டிலோ குங்குமத்திலோ தேய்த்தால் அந்த நிறமே முனையில் ஒட்டிக்கொண்டு ஏமாற்றும். மஞ்சள், ஆரஞ்சு பெயின்டில் காரீயம் குரோமேட் வடிவில் இருக்கலாம். அது லேசில் கரையாது, சிவக்கப் பல மணி நேரம்கூட ஆகும். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு 'நெகட்டிவ்' என்று எழுந்து போனால் தவறவிட்டுவிடுவோம். தண்ணீரில் நனைக்கச் சொல்லும் பிராண்டுகளில் நம் சமையலறைக்கென்றே ஒரு வம்பு உண்டு. மஞ்சள்கறை படிந்த பாத்திரத்தில் சோப்பு மிச்சம் இருந்தால் காரீயமே இல்லாமல் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பது போலத்தான் இதுவும். நன்றாக அலசித் துடைத்த பிறகே தேய்க்க வேண்டும்.

இனி பெரிய குறை. இந்தியாவில் வீட்டுப் பெயின்டில் காரீயத்துக்கு உச்ச வரம்பு 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கில் 90 பங்கு. 2016-இல் விதி வந்தது, 2017 நவம்பரில் அமலானது. ஆனால் இந்த வகைக் குச்சிகளுக்கு அமெரிக்காவில் வைத்த தேர்வு பழைய வீட்டுப் பெயின்டுக்கானது. அதன் அளவுகோல் எடையில் அரை சதவீதம், அதாவது 5,000 பிபிஎம். நம் வரம்பைப்போல ஐம்பது மடங்குக்கு மேல் இருந்தால் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்காக அங்கீகரிக்கப்பட்ட கருவியை வைத்து, நேற்று வாங்கிய பொம்மை வரம்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க முடியாது. அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 2007-இல் வீட்டில் பயன்படுத்தும் காரீயச் சோதனைக் கிட்களைச் சோதித்தது. 104 சோதனைகளில் 56-இல் காரீயம் இருந்தும் இல்லை என்று வந்தது. இல்லாததை இருக்கிறது என்று காட்டியது இரண்டே தடவை. சிவந்தால் நம்பலாம் என்பதற்கும், சிவக்காவிட்டால் நம்பாதீர்கள் என்பதற்கும் இந்த இரண்டு எண்களே போதும்.

பொருள்வாரியாகப் பார்த்தால், ஜன்னல் கம்பிக்கும் பழைய கேட்டுக்கும்தான் குச்சி நன்றாக உழைக்கிறது. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி, ஜார்ஜ் டவுன் பக்கம் பழைய வீடுகளில் கம்பிமேல் நாலைந்து கோட்டிங் எனாமல் ஏறியிருக்கும். மேல்பூச்சு புதிது, விஷம் அடியில். எனவே பிளேடால் சாய்வாக ஒரு கீறல் போட்டு, எல்லா அடுக்கும் உள்ளே இரும்பும் தெரியும்படி செய்து, அந்தக் கீறலில் தேய்க்க வேண்டும். கீழே ஈரத்துணி விரித்துக்கொள்ளுங்கள், விழும் தூள் வீட்டில் பரவக் கூடாது. சுவரில் சோதிக்கும்போது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் தூள் கலந்தால் அதிலுள்ள சல்பேட் காரீயத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், சிவப்பு மங்கிவிடும். சிவந்தால் பொங்கலுக்குப் பெயின்ட் அடிக்க வருபவரிடம் உப்புத்தாளால் வறட்டுத் தேய்ப்பு கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும், வேலை முடிந்து ஈரத்தால் துடைக்கும்வரை குழந்தை அந்த வீட்டில் இருக்கவே கூடாது. உதிரும் பெயின்டை விட அந்தத் தேய்ப்பில் கிளம்பும் தூசிதான் மோசம்.

ஈயச் சொம்புதான் எல்லோரும் கேட்பது. சுத்த வெள்ளீயத்தில் குச்சி சிவக்காது. கலப்படம் இருந்தால் சிவக்கலாம். கலப்படம் ஏன் நடக்கிறது என்றால், காரீயம் மலிவு. சேர்த்தால் உருகும் வெப்பமும் இறங்கும்: வெள்ளீயம் உருக 232 டிகிரி, 60/40 கலவைக்கு 190 போதும், வார்ப்பதும் பூசுவதும் சுலபம். பாட்டி வைத்தியம்போல இரண்டு சோதனைகள் சொல்வார்கள். சுத்த வெள்ளீயத் தகட்டைக் காதருகே வளைத்தால் கரகரவென்று முனகும், காரீயம் முனகாது. காரீயத்தை வெள்ளைத் தாளில் இழுத்தால் பென்சில்போலச் சாம்பல் கோடு விழும். இரண்டும் உண்மைதான், ஆனால் முழுக் காரீயத்தைப் பிடிக்க உதவுமே தவிர, பத்தில் ஒரு பங்கு கலந்த சொம்பைப் பிடிக்க உதவாது. சொம்பை வளைத்துப் பார்ப்பது நடக்கிற காரியமும் இல்லை.

இங்கே ஒரு வேடிக்கை. தடயவியல் ஆய்வில் ரோடிசோனேட்டுக்குப் புளிப்பூட்டச் சேர்ப்பது டார்ட்டாரிக் அமிலம். புளியின் புளிப்பும் அதே டார்ட்டாரிக் அமிலம்தான். காரீயத்தைக் கரைத்து வெளியே எடுக்க ஆய்வுக்கூடத்தில் செய்வதை, கலப்படச் சொம்பில் கொதிக்கும் ரசம் தினமும் செய்கிறது. அதனால் சொம்பு விஷயத்தில் மட்டும் குச்சி சிவக்கவில்லை என்று திருப்தியடைய வேண்டாம். சொம்பை எக்ஸ்ஆர்எஃப் துப்பாக்கியால் சோதிக்க வேண்டும். உலோகத்தை உரசாமல், சில நொடிகளில் எந்த உலோகம் எத்தனை சதவீதம் என்று சொல்லும் கருவி அது. உலோகப் பரிசோதனைக் கூடங்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு பார்த்துத் தருவார்கள். நகைக்கு 'டச்' பார்க்கும் மிஷினும் இதே இனம்தான், ஆனால் அது தங்கக் கலவைக்கு அளவு திருத்தப்பட்டது. அதில் காரீயம் என்று காட்டினால் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளலாம், சதவீதத்தை வேதவாக்காக எடுக்கக் கூடாது. கேட்கும்போது 'வெள்ளீயக் கலவை, காரீயம் எவ்வளவு என்று வேண்டும்' என்றே கேளுங்கள். வெறுமனே 'ஈயம் இருக்கிறதா' என்றால் இருக்கிறது என்றுதான் பதில் வரும்.

பித்தளை தனிக்கதை. கடைசலுக்கு இலகுவாக இருக்கப் பித்தளையில் ஓரிரு சதவீதம் காரீயம் சேர்ப்பது தொழில் வழக்கம். குச்சி லேசாகச் சிவந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். பூச்சு தேய்ந்த பித்தளையில் புளி, எலுமிச்சை, மோர் கூடாது. 'ஈயம் பூசறது' என்று தெருவில் வருபவரிடம் பூசக் கொடுத்தால், நவச்சாரம் தூவிச் சூட்டில் பஞ்சால் இழுப்பதற்கு முன் அந்த ஈயக் கட்டியிலேயே ஒரு குச்சி தேய்த்துப் பாருங்கள். பூசிய பிறகு பார்ப்பதைவிட இது மேல். சல்பைடு வகை என்று இன்னொரு கிட் வருகிறது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், காரீயத்தில் கறுக்கும். செம்பு, இரும்பு, வெள்ளி எல்லாவற்றிலும் கறுக்கும் என்பதால் நம் பாத்திரங்களுக்கு அது தண்டம்.

மஞ்சள்தூளுக்குக் குச்சி வேண்டாம். நிறம் தூக்கலாகக் காட்ட காரீய குரோமேட் என்ற மஞ்சள் சாயம் கலப்பது தெற்காசியாவில் பழைய தில்லுமுல்லு. பங்களாதேஷில் 2019-இல் எடுத்த மாதிரிகளில் 47 சதவீதத்தில் காரீயம் இருந்தது, கெடுபிடிக்குப் பின் 2021-இல் அது பூஜ்யமானது. மஞ்சளின் நிறமும் குச்சியின் நிறமும் ஒன்று என்பதால் எதையும் பிரித்துப் பார்க்க முடியாது. நம் உணவுப் பாதுகாப்பு விதிப்படி மஞ்சள்தூளில் காரீயம் 10 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது, குரோமேட் அறவே கூடாது. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட் வளாகத்தில் அரசின் உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. சட்டப்படி நுகர்வோரும் கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். அவ்வளவு அலைச்சல் வேண்டாமென்றால் விரலி மஞ்சள் வாங்கி அரைத்துக்கொள்வது. அதிலும் வழவழவென்று மின்னும் விரலியைத் தவிருங்கள், மேலே தேய்த்து மெருகேற்றும்போதுதான் சாயம் ஏற்றுவார்கள். கண்மையில் வீட்டில் விளக்கெண்ணெய்ப் புகைக்கரியில் செய்ததற்குப் பயமில்லை. கல்லை அரைத்துச் செய்யும் சுர்மா காரீய சல்பைடாக இருக்கலாம். அதுவும் கரையாத ஜாதி, குச்சிக்கு அகப்படாது. குடிநீருக்கு இந்தக் குச்சி முற்றிலும் பயனற்றது: அனுமதித்த அளவு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். அதை லேப்தான் பார்க்க வேண்டும், இரவு முழுக்கக் குழாயில் நின்ற முதல் தண்ணீரைப் பிடித்துக் கொடுங்கள்.

இப்போது ரத்தப் பரிசோதனை. சென்னையில் பெரிய லேப்கள் வீட்டுக்கே வந்து எடுக்கின்றன, பல சமயம் மாதிரி வேறு ஊர் மையக் கூடத்துக்குப் போவதால் ரிசல்ட் வரச் சில நாளாகும். புக் செய்யும்போதே கேட்க வேண்டியவை: நரம்பில் எடுப்பார்களா, விரல் குத்தியா? விரலில் ஒட்டிய தூசியே ரிசல்ட்டை ஏற்றிவிடும். விரல் ரத்தத்தில் அதிகம் வந்தால் நரம்பு ரத்தத்தில் உறுதி செய்யாமல் எதுவும் செய்யக் கூடாது. எந்தக் கருவி? ஐசிபி-எம்எஸ் என்றால் நல்லது, மிகக் குறைந்த உலோக அளவையும் காட்டும் கருவி அது. எவ்வளவு குறைவான அளவுவரை அளப்பார்கள்? டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்குக் கீழே எண்ணே தராத லேபில் 4 இருக்கும் குழந்தை 'நார்மல்' ஆகிவிடும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி 2021 முதல் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமைக் கோடாக வைத்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 5 வந்தாலே மூலத்தைத் தேடச் சொல்கிறது, பாதுகாப்பான அளவு என்று ஒன்று தெரியவில்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறது. ரிப்போர்ட்டின் ஓரத்தில் அச்சிட்ட வரம்பு பேட்டரித் தொழிலாளிக்கானதாக இருக்கலாம், அதைக் குழந்தைக்குப் பொருத்தாதீர்கள். அலகு லிட்டருக்கு என்று இருந்தால் பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். அதே ஊசியில் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பார்த்துவிடுவது கெட்டிக்காரத்தனம். இரும்புச்சத்துக் குறைந்த குடல் காரீயத்தை அதிகம் உறிஞ்சும். சிறு குழந்தை விழுங்கியதில் பாதிவரை உடம்பில் ஏறும், பெரியவர்களுக்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு.

ஆட்டிசத்துக்கு வருவோம். காரீயம் புத்திக்கூர்மையைக் குறைக்கும், கவனத்தைச் சிதறடிக்கும் என்பதில் சந்தேகமில்லை. சென்னையிலேயே 3 முதல் 7 வயதுவரை 756 குழந்தைகளிடம் எடுத்து 2009-இல் வெளியான ஆய்வில் சராசரி ரத்த அளவு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அளவு கூடக்கூட பதற்றம், கவனக்குறைவு, மற்றவர்களோடு பழகுவதில் சிக்கல் எல்லாம் கூடின. அது ஆட்டிசம் பற்றிய ஆய்வு இல்லை என்பதை மறக்கக் கூடாது. ஆட்டிசத்தோடு நேராகப் பொருத்திப் பார்த்ததில் கவனிக்கத்தக்கது, 2017-இல் ஸ்வீடன் இரட்டையரின் பால் பற்களை வைத்துச் செய்தது. பல்லில் மர வளையம்போல நாள்கணக்கு பதிந்திருக்கும். ஆட்டிசம் உள்ளவரின் பல்லில், பிறப்பையொட்டிய மாதங்களில் காரீயம் கூடுதலாகப் பதிந்திருந்தது. ஆனால் பார்த்த ஜோடிகள் சில டஜன்தான். அதே பற்களில் துத்தநாகமும் மாங்கனீசும் குறைவு. அதனால் வெளியிலிருந்து வந்த காரீயம் அதிகமா, உடம்பு உலோகங்களைக் கையாளும் விதமே வேறா என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. மற்ற ஆய்வுகள் இரு பக்கமும் இழுக்கின்றன.

கணக்கைத் திருப்பிப் போடும் இன்னொரு விஷயமும் உண்டு. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பலர் மண், சுண்ணாம்பு, பெயின்ட் செதில் என்று வாயில் போடுவதை மற்றக் குழந்தைகள் நிறுத்திய வயதுக்குப் பிறகும் தொடர்கிறார்கள். காரீயம் ஏறியது அதனாலும் இருக்கலாம். ஆகவே அதிக அளவு வந்தால் 'காரணம் கிடைத்துவிட்டது' என்று முடிவு கட்டாதீர்கள். ஏற்கனவே உள்ள சிரமத்தோடு இன்னொரு பாரத்தைச் சுமக்கிறது குழந்தை, அதை இறக்க வேண்டும், அவ்வளவே. வளர்ச்சித் தாமதமோ கண்டதைத் தின்னும் பழக்கமோ உள்ள குழந்தைக்கு இந்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குவதற்கான நியாயமும் இதுதான். எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனையிலோ முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்திலோ மதிப்பீட்டுக்குப் போகும்போது ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டு போகலாம்.

இந்தச் சந்தையில் விலை போட வேண்டாதவை இரண்டு. தலைமுடியில் உலோகம் பார்க்கும் டெஸ்ட்: வெளித்தூசியும் ஷாம்புவும் சேர்ந்து எண்ணைக் கெடுக்கும். மருந்து கொடுத்துவிட்டுச் சிறுநீரில் பார்க்கும் டெஸ்ட்: அந்த மருந்து யாருக்குக் கொடுத்தாலும் உலோகத்தைச் சிறுநீருக்குத் தள்ளும். மருந்து எடுக்காதவருக்கான வரம்போடு ஒப்பிட்டால் எல்லாக் குழந்தையும் 'டாக்ஸிக்'தான். இதைக் காட்டித்தான் 'டீடாக்ஸ்', கீலேஷன் பேக்கேஜ் விற்பார்கள். கீலேஷன், அதாவது உலோகத்தைப் பிடித்துச் சிறுநீர் வழியே வெளியேற்றும் மருந்து, உண்மையான மருத்துவம்தான், ஆனால் ரத்த அளவு 45 எட்டிய குழந்தைக்கு, ஆஸ்பத்திரியில். ஆட்டிசத்துக்கு அது பலன் தரும் என்று காட்டப்படவில்லை. 2005-இல் அமெரிக்காவில் ஆட்டிசத்துக்கென்று கீலேஷன் கொடுக்கப்பட்ட 5 வயதுக் குழந்தை, தவறான வகை மருந்து ஏறி ரத்தத்தில் கால்சியம் சரிந்து இறந்தது.

45-க்குக் கீழே சிகிச்சை என்பது மூலத்தை அகற்றுவதுதான். தரையைப் பெருக்காமல் ஈரமாப் போடுவது, சாப்பாட்டுக்கு முன் கை கழுவுவது, இரும்பும் கால்சியமும் குறையாமல் கீரை, கேழ்வரகு. ரத்தத்தில் காரீயம் பாதியாகச் சுமார் ஒரு மாதம் பிடிக்கும், எலும்பில் சேர்ந்தது மெல்லக் கசிந்துகொண்டிருக்கும். எனவே ஓரளவே கூடிய குழந்தைக்கு மூன்று மாதம் கழித்து, அதே லேபில், அதே முறையில் மறுபடி எடுத்துப் பாருங்கள். எண் இறங்கவில்லை என்றால் மூலம் இன்னும் வீட்டில் இருக்கிறது. பாக்கெட்டில் மிச்சமுள்ள குச்சிகளை எடுத்துக்கொண்டு, குழந்தை தவழும் உயரத்துக்குக் குனிந்து, ஜன்னல் விளிம்பிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.